ஜீப்போடு சேர்ந்து வந்த பிஸ்டல்

இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் கட்டுக்கதை என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் ஸஹ்லே ஊரில் பல் டாக்டர், பெயர் இஸ்கந்தர். இன்னொருவர் அஞ்சாரில் வண்டிப் பட்டறை வைத்திருக்கும் ஆர்மீனியர், பெயர் நிஷான். முப்பது வருஷ சிநேகிதம். இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்டாலும் அதே நேரங்களைத்தான் சொல்கிறார்கள். நிமிஷம்கூடப் பிசகாது.

இஸ்கந்தருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று பழைய ராணுவ வண்டிகள். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன லாரி ஒன்று, பக்கத்தில் தொட்டி வைத்த மோட்டார் சைக்கிள் ஒன்று. இரண்டாவது, பழைய பிஸ்டல்கள். துருக்கி சுல்தான் காலத்துத் துப்பாக்கியிலிருந்து நம் உள்நாட்டுச் சண்டைக்காலத்துத் துப்பாக்கி வரை பத்தொன்பது இருந்தன. எல்லாவற்றிலும் சுடும் ஊசியைக் கழற்றிவிட்டு, மாடியில் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். சாவி அவர் மனைவி நஜ்லாவிடம்.

2017 செப்டம்பரில் இருபதாவது வந்தது. தெற்கே ஒரு கிராமத்தில் ஃபர்ஜல்லா என்ற கிழவர் பழைய ராணுவ ஜீப் ஒன்றை விற்கிறார் என்று கேள்விப்பட்டு இஸ்கந்தர் போனார். ஜீப் அப்படியே இருந்தது. பெயின்ட்கூட உரியவில்லை. பேரம் பேசவே கிழவர் விடவில்லை. வீட்டுக்குள் போய் ஒரு துணிப்பொட்டலத்தைக் கொண்டுவந்து முன் சீட்டில் வைத்தார். பிரித்தால் ஒரு ‘பதினாலு’. சண்டைக்காலத்தில் எல்லோர் இடுப்பிலும் இருந்த அந்தப் பெல்ஜியம் பிஸ்டலுக்கு இங்கே அதுதான் பெயர்.

“ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. ஒண்ணாவே போகட்டும்” என்றார் ஃபர்ஜல்லா.

வண்டி வாசலைத் தாண்டும்போது அவர் முதுகைக் காட்டி நின்றார். திரும்பவே இல்லை.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள்தான்.

ஜீப்பில் பின்னால் பார்க்கும் கண்ணாடியை இஸ்கந்தர் சாலை தெரியும்படி திருப்பி வைப்பார். காலையில் பார்த்தால் அது பின் சீட்டைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். திருகாணியை இறுக்கினார். மறுநாளும் அப்படித்தான். அலமாரியில் பதினாலைச் சுவரைப் பார்த்துத்தான் மாட்டுவார். விடிந்தால் குழல் கதவைப் பார்த்திருக்கும். பூட்டு பூட்டியபடியே இருக்கும்.

நிஷான் ஒருநாள் பட்டறையில் பின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சட்டென்று கையை எடுத்தார்.

“யோவ் டாக்டர், இங்க யாரு உக்காந்திருந்தா?”

“பூனையா இருக்கும்.”

“சீட்டு சூடா இருக்குய்யா. பூனைக்கு இவ்வளவு பெரிய பின்பக்கமா?”

இருவரும் சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிக்க முடிந்தது.

அக்டோபர் 22, ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு மேலே ஒரு ஊரில் பழைய வண்டிக்காரர்கள் கூடும் நாள். இருவரும் ஜீப்பில் போனார்கள். பிஸ்டல் வீட்டில், அலமாரியில். கிளம்பும் முன் இஸ்கந்தரே பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பகல் 2:50க்குத் திரும்பக் கிளம்பினார்கள். வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். அதுவரை முன் சீட்டில் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த நிஷான், இறங்கிப் பின்னால் போய் ஏறிக்கொண்டார்.

“அங்க எதுக்குய்யா போற? குளிர்ல விறைச்சுப் போவே.”

“இங்கதான் உக்காரச் சொன்னாங்க.”

“யாரு சொன்னா?”

நிஷான் பின்கதவுச் சங்கிலியை மாட்டினார். விளையாடுகிறான் என்று நினைத்து இஸ்கந்தர் வண்டியை எடுத்தார்.

3:40. மூடுபனி இறங்கியது. இந்த மலையில் அது புதிதல்ல. விளக்கைப் போட்டார். பத்தடிதான் தெரிந்தது. பின்னாலிருந்து பேச்சே இல்லை. முப்பது வருஷத்தில் நிஷான் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிஷம் வாயை மூடி அவர் பார்த்ததில்லை.

3:52. ஒரு சத்தம்.

க்ளிக்...

இரும்போடு இரும்பு உரசும் சத்தம். சேகரிப்பவருக்கு அது தெரியாமல் போகுமா? தோட்டா அடைத்த பெட்டியைப் பிஸ்டலின் பிடிக்குள் தள்ளும் சத்தம் அது.

“நிஷான், அது என்ன?”

கண்ணாடியில் பார்த்தார். நிஷான் இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, சின்னப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சிமிட்டவில்லை.

“அந்த வளைவு வந்துடுச்சா?” என்றார்.

அது நிஷான் குரல் இல்லை. ஆர்மீனிய இழுப்பு அதில் இல்லை. இளவயதுப் பையனின் குரல்.

இஸ்கந்தர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தார்.

ஜீப் நிற்கவில்லை. அதே வேகம். பிரேக்கை மிதித்தார். மிதித்த கால் தரையைத் தொட்டது. வண்டி தானாகவே ஒவ்வொரு வளைவாகத் திரும்பியது... வழி தெரிந்த வண்டி போல.

4:05. ஐன் லௌஸா ஊருக்கு மேலே உள்ள வளைவு. அங்கே எஞ்சின் நின்றது.

சத்தமே இல்லை. காற்றுகூட இல்லை.

பின்கதவுச் சங்கிலி கலகலத்தது. நிஷான் இறங்கினார். சாலை ஓரம் வரை நடந்தார். பள்ளத்தைப் பார்த்து மண்டியிட்டார். இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

இஸ்கந்தர் கூப்பிட்டார். தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

எப்போது இறங்கினார், எப்படி நடந்தார் என்று அவருக்குத் தெரியாது. நிஷானின் பிடரி இரண்டடி தூரத்தில் இருந்தது. வலது கை கனத்தது. குனிந்து பார்த்தார்.

பதினாலு.

வெறும் பிஸ்டலின் கனம் இல்லை. தோட்டா நிரம்பிய கனம்.

கை தானாக உயர்ந்தது. கட்டைவிரல் தானாகப் பிஸ்டலின் பாதுகாப்புப் பூட்டை விலக்கியது.

காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள். சிகரெட் வாடை.

“ஒண்ணே ஒண்ணுதான்... அப்புறம் நீ வீட்டுக்குப் போயிடலாம்.”

மிக அன்பான குரல்.

விரல் விசையில் இருந்தது. இழுத்துவிட வேண்டும் போல இருந்தது. இழுத்தால் எல்லாம் முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்விடலாம் என்று நிஜமாகவே தோன்றியது. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவர் தலையைக் குனிந்துகொள்கிறார்.

“மாட்டேன்” என்றார்.

இந்த முறை சத்தம் வந்தது.

“அப்ப உன்னையும்...”

மூச்சு இன்னும் கிட்டே வந்தது. பிடரியில் ஏதோ வட்டமாக, சில்லென்று அழுத்தியது.

இஸ்கந்தர் கண்ணை மூடினார்.

“சரி” என்றார்.

ஒன்று...

இரண்டு...

மூன்று...

ஹாரன்.

உருளைக்கிழங்கு லாரி ஒன்று பனிக்குள்ளிருந்து வந்து, திட்டிக்கொண்டே விலகிப் போனது. 4:11. இஸ்கந்தர் கையைப் பார்த்தார். வெறும் கை.

“யோவ் டாக்டர்” என்றார் நிஷான், மண்டியிட்டபடியே. “நான் ஏன்யா இங்க முட்டி போட்டிருக்கேன்?”

இஸ்கந்தர் வீட்டுக்கு ஃபோன் செய்தார். அலமாரியைப் பார்க்கச் சொன்னார். நஜ்லா மாடியேறிப் போனாள்.

“பூட்டித்தான் இருக்கு. எல்லாம் இருக்கு” என்றாள். பிறகு, “இந்தப் புதுசு மட்டும் ஏன் இப்படி நனைஞ்சிருக்கு? தண்ணி சொட்டுதே.”

வளைவுக்குக் கீழே அரை கிலோமீட்டரில் வர்தேயின் ரொட்டிக்கடை. எஞ்சின் கிளம்பவில்லை. கியரை நியூட்ரலில் போட்டுச் சரிவில் உருட்டிக்கொண்டே போய் நிறுத்தினார்கள். இப்போது பிரேக் பிடித்தது. அறுபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த அம்மாள், ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவள், ஜீப்பைப் பார்த்ததும் கையை மாவிலேயே வைத்தபடி நின்றுவிட்டாள்.

“இது ஃபர்ஜல்லா வண்டியாச்சே. உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“வித்துட்டார், அக்கா. உங்களுக்கு அவரைத் தெரியுமா?”

அவள் உள்ளே பார்த்தாள். வேறு ஆள் இல்லை. அடுப்பைத் தணித்துவிட்டுச் சொன்னாள்.

“எழுபத்தாறுல. அப்ப இந்த ரோட்டை யார் பிடிச்சு வெச்சிருந்தாங்கன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கீழே நிறுத்தி ஐடி பாப்பாங்க. ரெண்டு பேரா சேர்ந்து வர்றவங்கன்னா அவங்களுக்குக் கொண்டாட்டம். சிநேகிதங்க, அண்ணன் தம்பிங்க. ஒருத்தனை அவங்க ஜீப்பை ஓட்டச் சொல்லுவாங்க. இன்னொருத்தன் பின்னால. வளைவு வந்ததும் ஓட்டினவன் கையில பிஸ்டலைக் குடுப்பாங்க. சுட்டா நீ வீட்டுக்குப் போகலாம்னு.”

நிஷான் வாய்க்குக் கொண்டுபோன ரொட்டி பாதியிலேயே நின்றது.

“எனக்கு அப்ப பதினேழு வயசு. ஒருநாள் சாயங்காலம் ஃபர்ஜல்லா தனியா இந்த வண்டியை ஓட்டிக்கிட்டு வந்து நின்னார். பிஸ்டல் இடுப்புல. அவங்க சிரிச்சுக்கிட்டே வண்டி, பிஸ்டல் ரெண்டையும் அவருக்கே பரிசா குடுத்துட்டாங்களாம். தண்ணி கேட்டார். ரெண்டு டம்ளர்ல கேட்டார். ஒண்ணு எதுக்குன்னேன். தம்பிக்குன்னார்.” வர்தே மாவுக் கையால் கண்ணைத் துடைத்தாள். “பின் சீட்டுல யாருமே இல்லை. அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னார். நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. அவர் கல்யாணமும் பண்ணிக்கலை. அந்த வீட்டுல அன்னையிலருந்து அவர் ஒருத்தர்தான்.”

4:55க்கு இஸ்கந்தர் ஃபர்ஜல்லாவுக்கு ஃபோன் செய்தார். முதல் மணியிலேயே எடுத்தார், பக்கத்திலேயே காத்திருந்தவர் போல.

“நான் டாக்டர் பேசறேன். அந்த வளைவுல நின்னுட்டு வர்றேன்.”

கிழவர் எங்கேயோ உட்காரும் சத்தம் கேட்டது.

“கூட யாரு வந்தா?”

“சிநேகிதன்.”

“இருக்காரா?”

“இருக்கான். பக்கத்துலதான் நிக்கிறான்.”

கிழவர் எதையோ சரிபார்ப்பது போல மெதுவாகக் கேட்டார்.

“உங்க கையில குடுத்தாங்களா?”

“குடுத்தாங்க.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“மாட்டேன்னு சொன்னேன்.”

“அப்படிச் சொல்லலாமா?” என்றார் ஃபர்ஜல்லா. “அப்படிச் சொல்ல முடியும்னு... எனக்குத் தெரியலியே.”

அவர் ஃபோனை வைக்கவில்லை. இஸ்கந்தரும் வைக்கவில்லை. காதில் அழுத்திக்கொண்டு நின்றார்.

கிழவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. உள்ளே... வெளியே... உள்ளே...

5:03க்கு அது அழுகையாக மாறியது.

அப்போதுதான், அந்த அழுகைக்குப் பின்னால், அதே அறையில், கொஞ்சம் தள்ளி, ஓர் இளவயதுப் பையன் தண்ணீர் குடிக்கும் சத்தத்தை இஸ்கந்தர் கேட்டார்.