மாமியார் வேஷம்

என் பெரியவனுக்கு ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது நான் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்தோடு நின்றுபோயிருந்த படிப்பு. அதை முடிக்கட்டும் என்று வீட்டில் முதலில் சொன்னவர் என் கணவர் அல்ல, என் மாமியார். கணவருக்கு ரெவின்யூ வேலை. அனந்தபுரம் பக்கம் போனால் இரண்டு நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று ஒதுங்கிவிட்டார். கைக்குழந்தையை விட்டுவிட்டு ஒருத்தி விடுதியில் போய்த் தங்குவதா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, குழந்தையைக் கொண்டுவந்து உங்கள் வீட்டிலா விடப்போகிறோம் என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்தவரும் அத்தைதான்.

வாரநாட்களில் விடுதி. சனிக்கிழமை மதியம் பஸ் பிடித்துச் செஞ்சிக்கு வருவேன். ஞாயிறு மாலை மறுபடி பஸ். முதல் மாதங்களில் செவ்வாய், புதன் வரைக்கும் பால் கட்டி மார்பு வலிக்கும். வகுப்பில் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வலிக்கட்டும் என்றும் தோன்றும். பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி என்று நினைத்துக்கொள்வேன்.

தமிழ் வகுப்பில் நாடகம் எங்களுக்கு ஒரு பாடம். அந்தப் பாடம் எடுத்த மிஸ், ஆண்டு விழாவுக்கு எங்கள் வகுப்பே நாடகம் போட வேண்டும் என்று ஒன்றை எழுதிக்கொண்டு வந்தார். மருமகளைச் சொல்லால் வாட்டும் ஒரு மாமியாரின் கதை. வகுப்பில் கல்யாணமானவள் நான் ஒருத்திதான் என்பதால் மாமியார் வேஷம் எனக்கு வந்தது. கையை ஆட்டி, கண்ணை உருட்டி, தொண்டை கிழியக் கத்தினேன். மாமியார் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். மிஸ் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டு மாமியார் இப்படியா கத்துவாங்க?"

இல்லை என்றேன்.

"அப்ப எப்படிப் பேசுவாங்கன்னு பார்த்துட்டு வா."

பார்த்துவிட்டு வரச் சொன்னார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகச் செய்தது.

அத்தை என்னிடம் நேராகப் பேசுவது வேலையைப் பற்றி மட்டும்தான். பால் வந்ததா, தண்ணீர் எடுத்தாயிற்றா. மனத்தில் இருப்பதையெல்லாம் குழந்தையிடம்தான் சொல்லுவார். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்று கூப்பிடுவார்கள். அவர் பேரனையும் அப்படித்தான் கூப்பிடுவார். அவனை மடியில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே, "நைனா, உங்கம்மா வெச்ச கொழம்புல கடலே இருக்குது, கப்பல் வுடலாமா?" என்று கேட்பார். குழந்தை சிரிக்கும். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஆனால் எதிர்த்துப் பேச முடியாது, அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லையே. பாராட்டும் அதே வழியில்தான் வரும். பரீட்சையில் நான் முதலாவதாக வந்தபோது, "உங்கம்மா பஸ்ட்டாமே நைனா, நீ எப்ப வரப்போற?" என்று அவன் மூக்கைப் பிடித்து ஆட்டினார்.

பேசும்போது கை சும்மா இருக்காது. அது விதைக்கு மல்லாட்டை, எங்கள் பக்கத்து வேர்க்கடலை, உடைக்கும் சமயம். காய்களை இரண்டு விரலால் அழுத்தி உடைத்துப் பருப்பை முறத்தில் போடுவார். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கிறவரை ஓடு கையிலேயே இருக்கும். முடித்தபிறகுதான் அது மூலைக்குப் பறக்கும். இரண்டு வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், அதை நான் கவனித்ததே இல்லை. இப்போது கவனித்தேன். சனிக்கிழமை பஸ்ஸில் கோட்டை மலைகள் தெரிந்ததும் முன்பெல்லாம் குழந்தையின் முகம்தான் நினைவுக்கு வரும். அந்த மார்கழியில், இந்த வாரம் அத்தை என்ன சொல்லுவார் என்ற எண்ணம் அதற்கு முன்னால் வந்து நின்றது.

ஒரு சனிக்கிழமை தூளியில் படுத்திருந்த குழந்தை துணியை நனைத்துவிட்டுச் சிணுங்கினான். அடுப்படியில் எனக்குக் கேட்டது. போகவில்லை. கொஞ்சம் தாமதித்தால் அத்தை ஏதாவது சொல்லுவார் என்று கதவோரம் நின்றேன். சிணுங்கல் அழுகையாயிற்று. தோட்டத்திலிருந்து வந்தவர் தூளியருகே குனிந்து, "உங்கம்மாவுக்கு காலேஜில கண்ணுக்கு மட்டுந்தான் பாடமா நைனா? காதுக்குக் கெடயாதா?" என்றார். அதை இரண்டு மூன்று முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, மறக்காது என்று தெரிந்த பிறகுதான் உள்ளே போனேன். அதற்குள் அவரே துணியை மாற்றியிருந்தார். குழந்தையின் தொடை சிவந்து கிடந்தது. அன்று இராத்திரி தேங்காய் எண்ணெய் தடவும்போது அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அடுத்த ஒத்திகையில் ஒரு போர்வையைச் சுருட்டிக் குழந்தையாக மடியில் வைத்துக்கொண்டு, மிஸ் எழுதிய வசனத்தையெல்லாம் மருமகளைப் பார்க்காமல் அந்தப் போர்வையிடம் சொன்னேன். அத்தையின் சொற்களையும் நடுநடுவே சேர்த்தேன். கப்பலையும் விட்டேன். ஒவ்வொரு பேச்சின் முடிவிலும் ஓடு பறந்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை செய் என்றார். அந்த வாரமே விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் யார் குழம்பில் உப்பு கூடினாலும் "நைனா, கப்பல் வுடலாமா?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். கல்லூரியில் எனக்கு முதல்முறையாகப் பெயர் கிடைத்திருந்தது. என் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டு செஞ்சியில் உட்கார்ந்திருந்தவரின் வாயிலிருந்து எடுத்த பெயர்.

வீட்டிலும் ஒருமுறை ஒத்திகை பார்த்தேன். அத்தை பக்கத்து வீட்டுப் பாயம்மாவிடம் போயிருந்தார். பாயம்மாவின் வீட்டுக்காரருக்குக் கடைத்தெருவில் வளையல் கடை. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன்னால் தலையணையை மடியில் வைத்து முழுதும் நடித்துப் பார்த்தேன். நன்றாக வந்தது. கதவைத் திறந்தபோது அத்தை கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் குழந்தையிடம் சொன்னார்:

"நாடகத்துக்குப் பழைய பொடவ தேடறாளாமே நைனா? ஆயாவுது எடுத்துக்கினு போவச் சொல்லு. அதான் பொருத்தமா இருக்கும்."

வயதான வேஷத்துக்குப் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டேன். அரக்குக் கரை போட்ட சுங்குடிப் புடவை ஒன்றை அவரே மடித்துப் பையில் வைத்தார். ஒன்றும் தெரியாமல் தருகிறாரே என்று அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தபோது பாதி வழியில் ஒருமுறை நின்றேன். ஆனாலும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பிறகு, நாமும் போய் நாடகம் பார்க்கலாமா நைனா என்று ஆரம்பித்தார். பஸ்ஸில் கூட்டம் நெரியும், குழந்தைக்கு வெயில் ஆகாது, உட்காரப் பலகைதான் இருக்கும் என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தேன். நான் பயந்தது இதற்குத்தான். தன்னைத்தான் மேடையில் ஏற்றிச் சிரிக்கவைக்கிறாள் என்று தெரிந்தால் அவர் மனம் விட்டுப்போகும். இவளுக்காகவா இத்தனை பேரிடம் சண்டை போட்டோம் என்று நினைப்பார். பிள்ளையை நீயே வைத்துக்கொள் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், பரீட்சைக்கு முன்பே என் படிப்பு நின்றுவிடும். மிஸ்ஸிடம் போய் நாடகத்தை மாற்றச் சொல்லியிருக்கலாம். அத்தையிடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவர் வராமல் இருக்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

வந்தார். திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் கல்யாணங்களுக்கு மட்டும் கட்டுகிற பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் பிள்ளை. பக்கத்தில் பாயம்மா.

மேடையில் நான் அத்தையின் சுங்குடியைக் கட்டிக்கொண்டு, போர்வைக் குழந்தையோடு உட்கார்ந்தேன். முறத்தில் மல்லாட்டை இருந்தது. முதல் வசனத்துக்கு வாயைத் திறந்தபோது என் கண் தானாக நிமிர்ந்து மருமகளாக நடித்த பெண்ணின் முகத்தில் போய் நின்றது. நேராக அவளிடம் கத்தினேன். கையை ஆட்டினேன், கண்ணை உருட்டினேன். போர்வை மடியில் சும்மா கிடந்தது. ஒரு காய்கூட உடைக்கவில்லை. அந்தப் பெண் சிரிப்புக்காக ஒதுக்கிவைத்த இடங்களில் நின்று நின்று தடுமாறினாள். படுதா ஓரத்திலிருந்து மிஸ் போர்வையைக் காட்டிக் காட்டிச் சைகை செய்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. முடிந்ததும் மரியாதைக்குக் கை தட்டினார்கள். உடம்பு சரியில்லையா என்று மிஸ் கேட்டார். ஆமாம் என்றேன். இரண்டு மாதம் உழைத்தவருக்கு நான் சொன்னது அந்தப் பொய்தான்.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் மூன்று பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்தோம். ஜன்னலோரம் அத்தை, குழந்தையோடு. நடுவில் நான். தப்பித்தோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னவோ வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். டிக்கெட் எல்லாம் கொடுத்து முடித்து பஸ் கொஞ்சம் அமைதியானதும், பாயம்மா என்னைத் தாண்டி எட்டி அத்தையிடம் கேட்டார்.

"இன்னாக்கா, எம் மருமவ என்னையே நடிக்கப் போறா, வந்து பாருன்னு இட்டுனு வந்த. அது யாரோ கத்தற பொம்பளயாட்டம் இல்ல இருந்துது?"

குழந்தை அத்தையின் இடுப்புச் சாவிக்கொத்தைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான். அவர் அவனிடம்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் காத்திருந்தேன். அவன்கூட அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தான். அவர் திரும்பி என் கண்ணைப் பார்த்தார்.

"அன்னிக்கு ரூம்ல தலகாணிய வெச்சினு அம்மாம் நல்லா செஞ்சியே. ஏம்மா அங்க செய்யல?"

வேலையைப் பற்றி அல்லாமல் அவர் என்னிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. குனிந்து குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அவனிடம் சொன்னேன்:

"ஆயா கோவிச்சுக்குவாங்கன்னு அம்மா பயந்துட்டாளாம்னு சொல்லு நைனா."

"எல்லாரும் சிரிப்பாங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அத்தை. என்னிடம்தான். "தெரிஞ்சிதான வந்தேன்."

பட்டுப்புடவையின் மடிப்பைக் கையால் நீவி விட்டுக்கொண்டார். பாயம்மா பையிலிருந்து ஆரஞ்சுப் பழம் எடுத்து உரித்து எங்கள் எல்லோருக்கும் சுளை கொடுத்தார். எனக்குக் கொடுத்ததை நான் செஞ்சி வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன்.

அவரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டேன். இப்போது பெரியவன் பள்ளிக்கூடம் போகிறான், சின்னவள் தூளியில் இருக்கிறாள், யோசிக்க நேரமே இல்லை என்று சொல்லும்போதுகூட யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவரையா காப்பாற்றினேன்? கெட்ட மருமகள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று என்னைத்தானே? பட்டு கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பெருமை பேசி அழைத்துக்கொண்டு வந்தவருக்குக் கோபம் வரும் என்று எந்தக் கண்ணால் பார்த்தேன்? அவ்வளவு கவனித்தேனே, மல்லாட்டை ஓடு எப்போது பறக்கும் என்பது வரைக்கும்.

என் படிப்பு நிற்கவில்லை. நாடகத்துக்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போலப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படியில் இறங்கியபோது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். புறப்படுகிற நேரத்தில் அவனிடம் ஏதாவது சொல்லுவார். உங்கம்மா உன்னை மறந்துட்டு சினிமாவுக்குப் போயிடுவாடா என்பார், ஊசி மிளகாய் மாதிரி ஒன்று. அதைக் கேட்டுவிட்டுத்தான் எப்போதும் படியிறங்குவேன்.

"பத்தரமா போய்ட்டு வாம்மா," என்றார், என்னைப் பார்த்து.

சரி அத்தை என்றேன். அவர் இன்னும் ஏதாவது சொல்லுவாரா என்று, எதையோ மறந்துவிட்டவள் மாதிரி பைக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவர் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினார், அவனிடம் எதுவும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் போய்விட்டேன்.