மேலே பார்த்த பூதத்தார்

2023ஆம் ஆண்டு பிப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு நெல்லைப் பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறையின் வாசலில் பெனிட்டோவை முதன்முதலாகச் சந்தித்தேன். பூசைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கியது. அவர் பனியனோடு தரையில் அமர்ந்து, கட்டில் அளவிருந்த ஒரு யானைக் காதை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். யானையின் எஞ்சிய உறுப்புகள் முற்றத்தில் தனித்தனியே கிடந்தன. தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் நிற்கப்போகும் ஃபைபர் யானை அது.

"ஐயம்பெருமாள் அண்ணாச்சி அனுப்பினாங்க" என்றேன்.

"எந்த ஊரு?"

ஊரைச் சொன்னேன். உப்புத்தாள் நிற்கவில்லை.

"கண்ணு விசயமாத்தான வந்திருக்கிய?"

கண் விஷயமாகத்தான் போயிருந்தேன். முக்கூடலை அடுத்த எங்கள் ஊரின் தொடக்கத்தில், சாலையோரம், காவல் தெய்வமான சங்கிலிபூதத்தார் முப்பதடி உயரத்தில் நிற்கிறார். தோளில் சங்கிலி, கையில் தண்டம், ஆள் நீளத்துக்கு மீசை. வெளியூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தி இறங்கிப் படம் எடுத்துக்கொள்வார்கள். 2019இல் அந்தச் சிலையைச் சிமெண்டில் எழுப்பியவர் பெனிட்டோ. முகத்தை மட்டும் அவருடைய மகன் ஜெனிஷ் செய்தான். ஆவணியில் கண்ணைத் திறந்தவனும் அவனே. சாரத்தைப் பிரித்த பிறகுதான், பூதத்தார் ஊரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஒரு முழத் தொலைவில் நின்று வேலை செய்கிறவனுக்கு அவ்வளவு பெரிய கண் எங்கே பார்க்கிறது என்பது தெரிவதில்லை.

ஜெனிஷின் கையில் குறை சொல்ல முடியாது. அவன் பழகியவை எல்லாம் மாதா கோயில்களில் கெபி என்னும் குகைமாடங்களில் நிற்கும் புனிதர்களின் சுரூபங்கள். அவர்கள் விண்ணை நோக்கி மன்றாடுகிறவர்கள் ஆகையால், கருவிழியை மேலிமைக்கு அடியில் சற்றே செருகி வைப்பது முறை. அதே முறையில் அவன் பூதத்தாரின் கருவிழியையும் செருகிவிட்டான். காவல் தெய்வம் காலடியில் நிற்கிறவனைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் யாரும் அவனிடம் சொல்லவில்லை; அது சொல்லித் தெரிய வேண்டிய செய்தி என்று எவருக்கும் தோன்றவில்லை.

ஐப்பசி மழையில் ஜெனிஷுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து இறந்துபோனான். வயது இருபத்தாறு. அதனால் கண்ணைத் திருத்தச் சொல்லி யாரும் பேட்டைக்குப் போகவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகள் நோய்த்தொற்றாலும், 2022இல் வரி சேராததாலும் கொடைவிழாவே நடக்கவில்லை. "பூதத்தார் ஏரோப்பிளேன் பாத்துக்கிட்டு நிக்காரு, பெறகு ஊருக்குள்ள கொரோனா வராம என்ன செய்யும்?" என்று தேநீர்க்கடையில் பேசிச் சிரித்தார்கள். நாளாக ஆகச் சிரிப்புக் குறைந்தது. 2023 சித்திரைக் கொடைக்குமுன் சிலைக்கு வண்ணம் பூசும்போது கண்ணையும் மாற்றிவிடுவது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாயிற்று. பெனிட்டோ செய்தால் நல்லது; மறுத்தால் வேறு ஆள். கொடை நிர்வாகியான ஐயம்பெருமாள், கார் வைத்திருக்கிறவன் என்பதற்காக என்னைத் தேர்ந்தெடுத்தார்.

இவ்வளவையும் நான் சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தேன்.

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்றார் பெனிட்டோ. காதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

அவர் மனைவி ஃபிளோரா கடுங்காப்பியோடு வந்தார். "அவிய யோசிக்கவும் மாட்டாவ, சொல்லவும் மாட்டாவ. நீங்க காப்பியக் குடிங்க சார். ஞாயித்துக்கெழம வேல செய்யாதியன்னு சொல்லிப் பாத்தேன். யானை என்ன பூசைக்கா போவப் போவுதுன்னு கேக்காவ."

ஃபிளோரா என்னைப் பார்த்தே பேசினார்.

"அந்தக் கண்ணுல கை வைக்கதுக்கு முன்னால, பிள்ளை கை பட்டதுல எதெது மிச்சமிருக்குன்னு ஒரு நட போய்ப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லுதேன். உங்கட்ட கார் இருக்குல்லா சார், இவியளக் கூட்டிட்டுப் போங்க. பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லட்டும்."

"நீங்களும் வாங்க" என்றேன்.

"நான் வந்தா வழியெல்லாம் செபமாலை சொல்லுவேன். உங்களுக்கு வண்டி ஓடாது."

பெனிட்டோ உவரியில் பிறந்தவர். குடும்பத்தில் எல்லாரும் கடலுக்குப் போனவர்கள். மரவள்ளங்களின் இடத்துக்கு ஃபைபர் வள்ளங்கள் வந்தபோது அவர் கரையில் தங்கி, ஓட்டை அடைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். வள்ளத்தை அடைக்கத் தெரிந்தவரிடம் பங்குச்சாமியார் மாதா சுரூபத்தின் உடைந்த விரலைக் கொடுத்தார். விரலிலிருந்து கைக்கும், கையிலிருந்து முழுச் சுரூபத்துக்கும் வேலை வளர்ந்தது. நான்குவழிச் சாலை வந்த பிறகு, விரைந்து போகிறவன் பெயர்ப்பலகையைப் படிப்பதில்லை என்று கடைக்காரர்கள் கண்டுகொண்டார்கள். விற்கும் பொருளையே பெரிதாக்கி வாசலில் வைக்கச் சொன்னார்கள். பெனிட்டோ பேட்டைக்குக் குடிவந்தது அந்த வேலைக்காகத்தான். ஜெனிஷ் படிப்பை முடித்துவிட்டுத் தந்தையோடு சேர்ந்துகொண்டான். அவன் சேர்ந்த பிறகு செய்தவற்றில் மூன்று இந்தப் பக்கத்தில் நின்றன. நான்காவது பூதத்தார்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புறப்பட்டோம். அவர் முன் இருக்கையில் அமர்ந்து மடியில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டார். நான் பேச்சுக் கொடுத்தால் பதில் வந்தது, கொடுக்காவிட்டால் பேச்சில்லை.

முதலில், நாங்குநேரிக்குப் போகும் நான்குவழிச் சாலையில் முகம்மது இப்ராஹிம் என்பவரின் தேநீர்க்கடை. அதன் முன்னால் இரண்டு மாடி உயரத்தில் ஒரு டம்ளரும் டபராவும். விளிம்பில் நுரை வழிவதுபோல் செய்து வண்ணம் கொடுத்தவன் ஜெனிஷ். இப்போது டம்ளர் முழுவதும் ஏதோ ஒரு சிமெண்டு நிறுவனத்தின் விளம்பரம் நீலநிறத்தில் எழுதப்பட்டிருந்தது. நுரையும் நீலமாகியிருந்தது.

"வாரும்வே பெனிட்டோ! ஆளையே காணும்" என்று இப்ராஹிம் எழுந்து வந்தார். "உம்ம டம்ளருக்குள்ள மைனா குடும்பத்தோட இருக்கு. காலைல யாவாரத்தவிட அது போடுத சத்தம்தான் பெருசு. வாடகைய நீரு வாங்குதீரா, நான் வாங்கவா?"

"நீரே வாங்கும்" என்றார் பெனிட்டோ. டம்ளரை ஒருமுறை சுற்றிவந்தார். கண்ணாடி டம்ளரில் தேநீரைக் குடித்தார்.

"பிள்ளை இருந்தா இப்படி நீலம் அடிக்க விட்டிருக்க மாட்டான்" என்று இப்ராஹிம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நுரைக்குன்னே ஒரு நாள் பூரா மேல கெடந்தானே."

"ஆமா" என்றார் பெனிட்டோ. காருக்கு நடந்தார்.

அடுத்தது சாத்தான்குளத்துக்கு வெளியே ஒரு கருப்பட்டிக் கடை. வாசலில் மூன்று ஆள் உயரத்துக்கு ஒரு கருப்பட்டி வட்டை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டியின் வரிகளை ஜெனிஷ் சீப்பால் இழுத்து உண்டாக்கியிருந்தான். வெயிலில் வெடிப்பு விடுகிறது என்று கடைக்காரம்மா அதன்மேல் தாரைப் பூசிவிட்டார். வரிகள் மூடிப்போயின.

"தார் பூசுனதுல இருந்து லாரிக்காரங்க வந்து டயர் என்ன வெலன்னு கேக்காங்க அண்ணாச்சி" என்றார் அந்த அம்மா. "ஒருத்தன் பஞ்சர் ஒட்டணும்னு சக்கரத்தையே உருட்டிட்டு வந்துட்டான். எல்லாம் உம்மாலதான்."

பெனிட்டோ தாரை நகத்தால் கீறிப் பார்த்தார். கீறின இடத்திலும் தார்தான் இருந்தது. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, தவக்காலம் என்று மீனையும் ஒதுக்கிவிட்டு ரசத்தோடு எழுந்தார். எங்கள் ஊர்க் காரியத்துக்கு என்ன பதில் என்று கேட்க எனக்கு வாய் வந்தது. கேட்கவில்லை.

நெல்லைக்குத் திரும்பி, தென்காசிச் சாலையில் மேற்கே போனோம். அந்தச் சாலையில் ஒரு மாட்டுத்தீவனக் கடை முன்னால் கொம்பு வைத்த காளை ஒன்று முன்பு நின்றிருந்தது. அதன் திமிலும் தலையும் ஜெனிஷ் செய்தவை. சாலையை அகலப்படுத்தியபோது கடை பின்னுக்கு நகர்ந்திருந்தது. காளையைக் காணவில்லை. பழைய சிமெண்டுத் தளத்தில் நான்கு குளம்புகள் மட்டும் நின்றன. குளம்புகளிலிருந்து அறுபட்ட கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன.

பெனிட்டோ குனிந்து ஒரு கம்பியை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை.

"கம்பி நல்லாத்தான் கட்டியிருக்கேன்" என்றார்.

"மேல உள்ளது எங்க போயிருக்கும்?"

"ஒடச்சிருப்பாவ சார். எங்க கொண்டு வைக்க முடியும்?"

ஃபிளோராவின் கேள்விக்கு இனி விடையாக எஞ்சியிருந்தது பூதத்தாரின் முகம் ஒன்றுதான். அந்த முகத்தில் கண்ணைக் கொத்திவிடச் சொல்லித்தான் நான் அவரை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

மாலை நான்கு மணியளவில் ஊருக்கு வந்தோம். ஐயம்பெருமாள் காத்திருந்தார். "வாங்க மேஸ்திரி, வாங்க. நல்லா இருக்கியளா? வெயில்ல நிக்காதிய, இங்கன வந்து மோர் குடிங்க" என்றார்.

"இருக்கட்டும்" என்ற பெனிட்டோ, சிலைக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தத்தில் போய் நின்றார். சாரம் பிரித்த அன்றைக்குப் பிறகு அவர் அதைப் பார்ப்பது இதுவே முதல்முறை.

அப்போது ஒரு பெண் விளக்கேற்றிவிட்டுச் சிலைமுன் நின்று கும்பிட்டாள். பிறகு கும்பிட்ட கையோடு ஓரடி பின்வாங்கி அண்ணாந்து பார்த்தாள். மேலும் பின்வாங்கினாள். சாமியின் பார்வை விழும் இடத்தில் நின்று கும்பிடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம். இந்தச் சிலைமுன் அந்த இடத்தைத் தேடி எல்லாரும் இப்படித்தான் பின்வாங்குவார்கள். அவள் தாரோட்டில் கால் வைத்தபோது பாபநாசம் பேருந்து ஒலியெழுப்பிக்கொண்டு அவளை உரசுவதுபோல் போயிற்று. ஓட்டுநர் தலையை நீட்டி, "எக்கா, சாமி கும்பிடணுமா, சாமிகிட்டயே போவணுமா?" என்று கத்தினார்.

"நான் என்ன செய்யட்டும்? எம்புட்டுத் தூரம் போனாலும் பாக்க மாட்டேங்காரே!" என்றாள் அவள்.

பெனிட்டோ சாலையைக் கடந்து வந்தார்.

"சாரம் கட்டச் சொல்லுங்க" என்றார் ஐயம்பெருமாளிடம். "நானே செய்யுதேன்."

"வேற யாரையும் வச்சிக்கிட்டாலும்..."

"வேண்டாம். இது கேக்குத கண்ணு அண்ணாச்சி. குடுக்குத சாமிக்கு ஆவாது. நான்தான் அவனுக்குப் படிச்சுக் குடுத்தேன்."

அடுத்த வாரம் சாமியின் அருளை ஒரு கும்பத்தில் இறக்கி வைத்தார்கள். முகத்தை வெள்ளைத் துணியால் மூடி, அதன் பின்னால் பெனிட்டோ உளியோடு நுழைந்தார். ஐம்பத்தெட்டு வயதில் அத்தனை உயரம் ஏற வேண்டாம் என்று சொன்னவர்களிடம் அவர் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஏறியிருந்தார். கீழே நின்ற எங்களுக்குக் கொத்தும் ஓசை மட்டும் கேட்டது. இடது கண், பிறகு வலது கண். மதியத்துக்குள் இரண்டு கருவிழிகளும் ஒரு சட்டி நிறையச் சில்லுகளாகக் கயிற்றில் இறங்கிவந்தன. ஃபிளோராவுக்கு ஒரு துண்டை எடுத்து வைக்கட்டுமா என்று அவர் இறங்கியதும் கேட்டேன்.

"சிமெண்டு சார் அது" என்றார். சித்தாள் சட்டியை வாய்க்கால் கரையில் கொட்டினார்.

கருவிழியைக் கீழே இறக்கிப் பூசி, காய்ந்த பின் வண்ணம் தீட்டி, கண்ணாடி காட்டிக் கண்ணைத் திறந்தார். துணி விலகியது. பூதத்தார் எங்களைப் பார்த்தார். கூடியிருந்தவர்களில் சிலர் தங்களை அறியாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள்.

சாமிக்குக் கண் திறந்தவருக்கு வருகிற கொடையில் பரிவட்டம் கட்டி, அவர் பெயரைச் சந்நிதியில் உரக்கச் சொல்வது எங்கள் ஊர் மரபு. 2019இல் திறந்த கண்ணுக்கு அது நடக்கவில்லை. கொடையும் இல்லை, ஆளும் இல்லை. ஐயம்பெருமாள் அன்றே பெனிட்டோவைக் கொடைக்கு அழைத்தார்.

"எனக்குப் பரிவட்டம் வேண்டாம்" என்றார் பெனிட்டோ. "மொதல்ல தொறந்தது அவன். அவன் பேர ஒருதடவ சொல்லிருங்க. போதும்."

"சொல்லிருவோம் மேஸ்திரி. இதென்ன பெரிய காரியமா?"

அன்று மாலை அவரைப் பேட்டையில் இறக்கிவிட்டேன். ஃபிளோரா வாசலில் நின்றார். முதல் பயணத்தன்று அவர் எதையும் கேட்கவில்லை. எல்லாம் முடியட்டும் என்று விட்டிருந்தார் போலும்.

"என்ன மிச்சமிருக்கு?" என்று இப்போது கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

ஃபிளோரா, "குளிச்சிட்டு வாங்க, சோறு வைக்கேன்" என்று உள்ளே போனார்.

சித்திரைக் கொடை சிறப்பாக நடந்தது. இறந்தவன் பெயரைச் சாமி இறங்கியிருக்கும் நேரத்தில் சொல்லலாகாது என்று சாமியாடி தடுத்தார். அடுத்த கொடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள். அடுத்த கொடையில் அந்தப் பேச்சு எழவில்லை. 2025 கொடையிலும் எழவில்லை. பரிவட்டம் வழக்கம்போல் கொடைக்கு வரி கொடுக்கும் வரிக்காரர்களுக்குக் கட்டப்பட்டது.

அந்தக் கொடை முடிந்த வாரம் பேட்டைப் பக்கம் போனபோது பட்டறைக்குச் சென்றேன். பெனிட்டோ ஓர் ஐஸ் கம்பெனிக்காகப் படகளவு இறால் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்; அதன் மீசைக் கம்பியை வளைப்பதில் கருத்தாக இருந்தார். பூதத்தாரின் வண்ணம் வெயிலுக்கு வெளுத்திருக்கிறதா என்று விசாரித்தார். தோள்பட்டையில் கொஞ்சம் என்றேன். மழைக்கு முன்னால் இரண்டு கோட்டு அடித்துவிடச் சொன்னார். ஐயம்பெருமாளின் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று கேட்டார். மகன் பெயரைச் சொன்னார்களா என்று அவர் அன்றும் கேட்கவில்லை; அதற்கு முன்னும் கேட்டதில்லை.