கடைசி இரண்டு சூராக்கள்

அந்தப் பெண் முதல் தடவை என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஓதியபோதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் பயனில்லை. குரல் அப்படி. பெண்கள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான் ஓதும்போது ஒருத்தியும் அப்படி நிமிர்ந்ததில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் சாயங்கால அஸர் தொழுகைக்கும் அந்தி மஃரிப் பாங்குக்கும் இடையில் எங்கள் தெருப் பெண்கள் என் வீட்டில் கூடுவார்கள். குர்ஆனில் ஒரு பகுதியை ஓதி, அதன் தமிழ் விளக்கத்தை வாசித்து, பிறகு என் பாணியில் நான் பேசுவேன். பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் சொல்லும் விளக்கம் ஆண்களுக்குப் போய்விடும். ஒலிபெருக்கி வழியாக எங்களுக்கு வந்து சேர்வது பாதி, மீதியைக் காற்றும் பம்புசெட்டுச் சத்தமும் கொண்டுபோய்விடும். அதனால்தான் ஆரம்பித்தேன். நான் மார்க்கம் படித்துப் பட்டம் வாங்கிய ஆலிமா இல்லை. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவள். அரபி ஓதத் தெரியும், அர்த்தத்துக்கு அச்சிட்ட தமிழ் விளக்க நூல்தான் துணை. சந்தேகம் வந்தால் என் வீட்டுக்காரரிடம் சொல்லி ஹஜ்ரத்திடம் கேட்டுவரச் சொல்வேன். அவர் பாதி வழியிலேயே கேள்வியை மாற்றிவிடுவார், அது வேறு கதை.

எனக்கென்று ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஒரு வருடம் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை. விட்ட நாற்றங்கால் கண்ணெதிரே காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான், நீங்கள் விதைப்பதை முளைக்க வைப்பவர்கள் நீங்களா அல்லது நானா என்று அல்லாஹ் கேட்கும் இடத்துக்கு வந்திருந்தோம். நான் புத்தகத்தை மூடிவிட்டு, வாய்க்காலைப் பற்றி மட்டும் பேசினேன். கூடத்தில் மூக்கை உறிஞ்சாதவர்கள் இல்லை. இந்த ஊருக்கு இந்த வேதத்தைச் சொல்ல என்னைவிட்டால் ஆள் இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

அப்படிப் பல வருடம் வாரம் வாரமாக நகர்ந்து, குர்ஆனின் முப்பது பாகத்தில் இருபத்தொன்பது ஜுஸ்வு முடிந்து, கடைசி ஜுஸ்வுக்கு வந்து நின்றோம். அந்த நேரம் பார்த்து என் நாத்தனார் தன் மகனுக்குப் பெண் எடுத்தாள். கோடியக்கரைப் பக்கம் உப்பளம் பார்த்து வளர்ந்த பெண். பெண்கள் மதரஸாவில் தங்கிப் படித்து ஆலிமா பட்டம் வாங்கியவள். அரபியை ஓதுவது மட்டுமல்ல, பிரித்துப் பிரித்து அர்த்தம் சொல்லுவாள். புத்தகம் தேவையில்லை.

இரண்டு வெள்ளிக்கிழமை என் கூடத்தில் அவளைப் பேச வைத்தார்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை பார்த்தால் பெண்கள் செல்போனை அவள் முன்னால் பாயில் பரப்பி வைத்திருக்கிறார்கள், பதிவு செய்ய. துபாயில் இருக்கும் புருஷனுக்கு அனுப்ப வேண்டுமாம். இத்தனை வருடம் நான் தொண்டை வறளப் பேசினேன். துபாய் என்ன, கொல்லைப்புறத்தில் இருக்கும் புருஷனுக்குக்கூட ஒருத்தியும் அனுப்பவில்லை.

அன்று கலையும்போது நாத்தனார் ஆரம்பித்தாள். "ஏம் புள்ள, இனிமே நம்ம மருமவளே சொல்லட்டுமே. நீயும் எத்தனை நாளைக்குத்தான் கண்ணாடியப் போட்டுக்கிட்டு மல்லுக்கட்டுவ?"

அவள் அக்கறையோடுதான் சொன்னாள் என்று மற்றவர்கள் நம்பியிருக்கலாம். நான் நம்பவில்லை. மகனுக்குக் கல்யாணம் பண்ணும்போதுகூட நான் இவ்வளவு ஏங்கியதில்லை. தொடங்கியது நான், முடிப்பதும் நானாக இருக்க வேண்டும். கத்தம் அன்று, அதாவது குர்ஆனை முழுதாக முடிக்கும் அன்று, கடைசி அத்தியாயத்தை, கடைசி சூராவை ஓதி, கையேந்தி துஆ கேட்பவள் நானாக இருக்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அதனால் பேரம் பேசினேன். "இந்த ஜுஸ்வ அவ ஆரம்பிக்கட்டும். கடைசி ரெண்டு சூராவ மட்டும் நான் முடிச்சு வைக்கிறேன்" என்றேன்.

"நீங்கதான் மாமி முடிக்கணும். அதுதானே முறை" என்றாள் அந்தப் பெண், உடனே, சிரித்த முகத்தோடு. கொஞ்சம் முகத்தைச் சுளித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பிறகு வாரம் வாரம் அவள் பேச, நான் சுவரோரம் உட்கார்ந்து குற்றம் தேடினேன். அகப்படவில்லை. நாற்றங்காலுக்கும் நடவு வயலுக்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியாது என்பது ஒன்றுதான் என் கையில் இருந்தது. அவள் உப்பளத்தை வைத்து உதாரணம் சொன்னாள். அதுவும் எடுபட்டது. வெயிலில் பாத்தி கட்டித் தண்ணீர் வற்றக் காத்திருப்பதைப் பற்றி அவள் சொன்னபோது, உப்பளத்தைக் கண்ணால் பார்க்காத எங்கள் தெருப் பெண்கள் தலையாட்டிய தலையாட்டல் இருக்கிறதே, கழுத்து சுளுக்கிக்கொள்ளாதா என்று எனக்குத் தோன்றியது.

என் முறை வந்தது. முதல்நாள் சமையலை முடித்துவிட்டு, விளக்க நூலின் கடைசிப் பாகத்தைப் பிரித்து உட்கார்ந்தேன். அப்போதுதான் நான் கேட்டு வாங்கியது என்னவென்று எனக்கே தெரிந்தது. கடைசி சூரா நாஸ். அதற்கு முந்தியது ஃபலக். ஓதும் பிள்ளைகளுக்குச் சின்ன சூராக்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கித்தான் சொல்லிக்கொடுப்பார்கள். நாஸ் முதல் பாடம், ஃபலக் இரண்டாம் பாடம். பால்பல் விழாத வயதில் மனப்பாடமானது. படுக்கப்போகும்போது தினமும் ஓதி உள்ளங்கையில் ஊதி உடம்பில் தடவிக்கொள்கிறேன். தினமும் ஓதுவதாலேயே காதில் விழாமல் போய்விட்டது போலிருக்கிறது. ஃபலக்கின் கடைசி வசனம், பொறாமைக்காரனின் தீங்கிலிருந்து பாதுகாப்புத் தேடுவது.

நான் புத்தகத்தை மூடினேன். மறுபடி திறந்தேன். வசனம் அங்கேயேதான் இருந்தது.

மறுநாள் கூடம் நிரம்பி, வாசல்படி வரை பெண்கள். கத்தம் என்பதால் ஆளுக்கொரு தூக்கில் இனிப்பு வந்திருந்தது. நாத்தனாரும் மருமகளும் என் முன்னால் முதல் வரிசையில். எனக்கு ஒரு யோசனை இருந்தது. ஃபலக்கின் முதல் வசனத்தையே இழுத்துக்கொண்டு போவது. கடைசி வசனத்துக்கு வருவதற்குள் பாங்கு சொல்லிவிடுவார்கள், அந்த அவசரத்தைச் சாக்கிட்டு அந்த வசனத்தைச் சட்டென்று தாண்டி நாஸுக்குப் போய்விடலாம்.

இழுத்தேன். ஃபலக் என்றால் விடியல் என்று ஆரம்பித்து, இருட்டைப் பிளந்துகொண்டு வரும் விடியலைச் சொன்னேன். விதையைப் பிளந்து முளையை வெளியே கொண்டுவருபவனும் அவன்தான் என்று சொல்லி, விதைநெல்லை ஊறவைத்து, சாக்கில் கட்டி, முளை கட்டும் வரை போனேன். பெண்கள் ரசித்தார்கள். அந்தப் பெண்கூட வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சாக்கை அவிழ்த்து நாற்றங்காலில் தெளித்தும் முடித்தேன். பாங்கு வரவில்லை. வெளியே வெயில் இன்னும் மாடியில் காய்ந்துகொண்டிருந்தது.

இருளின் தீங்கு, சூனியத்தின் தீங்கு என்று தாண்டி, "பொறாமைக்காரங்களோட தீங்குலேருந்தும்" என்று ஒரே மூச்சில் சொல்லி அடுத்த சூராவுக்குத் தாவினேன்.

"இரு புள்ள" என்றாள் நாத்தனார். "அத மட்டும் ஏன் ஓட்டுற? மனசுக்குள்ள வந்துட்டாலே பொறாமைக்காரிதானா? மனசு நம்ம சொல்லையா கேக்குது?"

அவள் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதில் எனக்குத் தெரியவில்லை. அந்த வசனத்தின் விளக்கத்தைப் படிக்காமலேதானே நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதைவிட, அந்தக் கேள்விக்குப் பதில் அங்கிருந்த யாரையும்விட எனக்குத்தான் அவசரமாக வேண்டியிருந்தது. தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

"நீ சொல்லும்மா" என்றேன் அவளைப் பார்த்து. என் வாயிலிருந்து அது வந்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அவள் நாத்தனாரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "தோணுறது யாருக்கும் தோணும் மாமி. அது நாக்குலயும் கையிலயும் எறங்கினாத்தான் மத்தவங்களுக்குக் கேடு. எறங்கவிடாம அடக்கிக்கிட்டு, அந்த ஆளுக்கே நல்லது வேணும்னு துஆ கேட்டுட்டா, அதுதான் மருந்துன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க."

எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அதை இறக்கி வைத்தது அவள் என்பதால் வேறொரு மூட்டை ஏறிக்கொண்டது. நான் இத்தனை வருடத்தில் யாருக்கும் இவ்வளவு சுருக்கமாக ஒன்றையும் சொன்னதில்லை.

நாஸ் சூராவை முடித்தேன். நான் கேட்டு வாங்கிய இடம் வந்துவிட்டது. கையேந்தி துஆ கேட்டேன். கபர்களில் அடங்கியிருப்பவர்களுக்கு, கடல் கடந்து இருப்பவர்களுக்கு, வயலுக்கு, வாய்க்காலுக்கு. பிறகு நாக்கைக் கொஞ்சம் பிடித்துத் தள்ளித்தான் கேட்டேன்: இந்தக் கூடத்துக்கு மருமகளாக வந்த பிள்ளையின் கல்வியைப் பெருக்கி, அதில் பரக்கத் செய் ரப்பே என்று. கூடமே ஆமீன் சொன்னது. அதிலும் அவள் குரல்தான் தனியாக, இனிமையாகக் கேட்டது.

முடிந்தது என்று கையை முகத்தில் தடவிக்கொண்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

"அல்ஹம்து சூராவ ஆரம்பிக்கணும்ல" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

அல்ஹம்துதான் குர்ஆனின் முதல் சூரா. முடித்த கையோடு, அதே அமர்வில், மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிட வேண்டும். அதுதான் வழக்கம். ரமலானில் பள்ளிவாசலில் குர்ஆனை முடிக்கும்போதும் அப்படித்தான் செய்வார்கள், வருடா வருடம் ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறேன். முடிவுக்காக அவ்வளவு பேரம் பேசியவள், அந்த முடிவுக்குள்ளேயே தொடக்கமும் இருப்பதை எப்படி மறந்தேன்? கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

குர்ஆனைத் தாங்கும் மரப்பலகை என் முன்னால் இருந்தது. என் இரண்டு கையும் அதன் மேல் இருந்தன. இன்னும் ஒரு தடவை நானே தொடங்குகிறேன் என்று சொல்லியிருந்தால் ஒருத்தியும் மறுத்திருக்க மாட்டாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே சரி மாமி என்றிருப்பாள். கையில் இறங்கினால்தான் கேடு என்று சற்று முன்புதானே சொன்னாள். பலகையை அவள் பக்கம் நகர்த்தினேன். கனமாக இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் நான் இரண்டாம் வரிசையில் உட்காருகிறேன். கூடம் என் வீட்டுக் கூடம்தான். அவள் நன்றாகத்தான் சொல்கிறாள், வாரம் வாரம் இன்னும் நன்றாகச் சொல்கிறாள். நான் கை இரண்டையும் மடியில் இறுக்கிக் கோத்துக்கொண்டு கேட்கிறேன்.