மீன் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

நீங்கள் பாட்டைக் காதால் கேட்கிறீர்களா, கண்ணால் கேட்கிறீர்களா?

'இதென்ன விசர்க் கேள்வி' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். போன மாதம் வரைக்கும் நானும் காதால்தான் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு ஒரு பாண்ட் இருக்கிறது. பெயர் 'தகரக்கொட்டில்'. வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், உழவு மெஷின் நிற்கிற தகரக் கொட்டிலில்தான் பழகுகிறோம். அதனால் அந்தப் பெயர். நான் கிற்றார். வவுனியாக் கம்பஸில் என்னோடு படித்த ரிஸான் ட்ரம்ஸ், முல்லைத்தீவுக்காரன். பாடுவது தர்சிகா. குரல் பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. (இதை வாசித்துவிட்டு வீட்டுக்கு வருவாள். வரட்டும்.)

எங்களிடம் இருப்பது, சத்தத்தைக் கூட்டித் தருகிற ஒரே ஒரு அம்ப். ரைஸ் குக்கரை விடக் கொஞ்சம் உயரம்.

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகம் ஆண்டு விழாவுக்கு எங்களைப் பாடக் கேட்டிருந்தது. முதல் மேடை! கழகத் தலைவர் செல்வம் அண்ணை, நெல்லாலை வைத்திருக்கிறவர். ஒருநாள் கொட்டிலுக்கு வந்து கதிரையில் இருந்து, இரண்டு பாட்டை முழுசாகக் கேட்டார். தலையும் ஆட்டினார். பிறகு சுற்றிவரப் பார்த்தார்.

"தம்பியவை, பாட்டு ஒரு பிழையுமில்லை. ஆனா உங்கட ஸ்பீக்கர் பொக்ஸ் எங்க?"

நான் அம்பைக் காட்டினேன்.

"இதோ? நான் ஏதோ சோறு அவிக்கிற சாமான் எண்டெல்லோ நினைச்சன்!"

"அண்ணை, சனத்துக்குச் சத்தம் சவுண்ட்ஸ்காரற்ற பெட்டியிலதான் போகும். இது எங்களுக்குக் கேக்கத்தான்."

"அது உமக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியுமோ? உடையார்கட்டுக் கழகத்தார் தங்கட விழாவுக்கு யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டவை. மேடையில பெட்டியள் மதில் மாதிரி நிண்டது. அவையின்ர தலைவர்தான் எங்கட விழாவுக்கு விருந்தாளி. அவருக்கு முன்னால இந்தக் குக்கரை வைக்கச் சொல்லுறீரோ?" எழும்பினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பெட்டியளின்ர படம் என்ர போனுக்கு வரோணும். இல்லாட்டி... குறை நினைக்காதேங்கோ, நான் வேற குழுவுக்குச் சொல்லிப்போடுவன்."

அவ்வளவுதான். முதல் மேடை பெட்டியில் தொங்கியது.

வாடகைக்கு எடுக்க வழியில்லை. ரிஸான்தான் போனைத் தூக்கிக் காட்டினான். வெளிநாட்டில் ஏதோ ஒரு பாண்ட். பின்னால் வானம் மறைகிற அளவுக்குக் கறுப்புப் பெட்டி. ஒருவன் அதைத் திருப்பிக் காட்டுகிறான்... உள்ளே ஒன்றுமே இல்லை!

"பாத்தியா மச்சான்? ஒண்டிலதான் சத்தம் வரும். மிச்சம் எல்லாம் வெறும் கோது."

"கோதுக்கு எங்கயடா போறது?"

"வாப்பாட்டக் கேட்டு எடுத்துத் தாறன்."

ரிஸானின் வாப்பா மீன் வியாபாரி. அடுத்த நாள் ஒரு சின்ன லொறி நிறைய மீனை ஐஸில் வைக்கிற, பஞ்சு மாதிரிப் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டிகள் வந்து இறங்கின, மணத்தோடு. அயலில் உள்ள பூனை எல்லாம் படலையடிக்கு வந்துவிட்டது.

தர்சிகா மூக்கைப் பொத்தினாள். "டேய், நாங்கள் பாட்டு நிகழ்ச்சி வைக்கிறமா, மீன் சந்தை வைக்கிறமா?"

கழுவினோம். சவர்க்காரத் தூள், தேசிக்காய், திரும்பவும் சவர்க்காரத் தூள். பிறகு நான் பெரிய ஆள் மாதிரி கறுப்பு ஸ்ப்ரே பெயின்றை எடுத்து முதல் பெட்டிக்கு அடித்தேன். அடித்த இடமெல்லாம் 'சர்ர்ர்' என்று உருகி, உப்புப் பட்ட அட்டைப் பூச்சி மாதிரிப் பெட்டி சுருண்டு போனது.

"நீ கம்பஸில என்ன படிச்சனி?" என்றாள் தர்சிகா.

"...கெமிஸ்ரி."

"அதானே பாத்தன்."

மிச்சப் பெட்டிகளுக்குச் சுவருக்கு அடிக்கிற கறுப்பு பெயின்றைத் தேங்காய்த் தும்பில் தோய்த்துப் பூசினோம். முகப்புக்கு, அம்மா மிளகாய் நாற்றுக்கு நிழல் கட்டுகிற கறுப்பு வலை. அதுக்குப் பின்னால் வட்டமாகச் சாப்பாட்டுக் கோப்பைகள். தண்ணீர்ப் போத்தல் மூடிகள் மேலே வரிசையாக ஒட்டி, திருகுகிற குமிழ். ஓரத்தில் பெற்றரியில் எரிகிற ஒரு சிவப்பு லைற். அடுக்கி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால்... ஐயோ, எனக்கே பயமாக இருந்தது!

படம் அனுப்பினோம். உடனே வொய்ஸ் மெசேஜ் வந்தது. "தம்பீ! ஆகா! இதெல்லோ செட்! கழகத்துக் குறூப்பில போட்டிட்டன்!"

அது ஸ்பீக்கர் பெட்டியில்லை, மீன் பெட்டி என்று சொல்ல இனி வாயில்லை.

விழா நாள். பெட்டிகளை இறக்கும்போதுதான் ஒரு பிரச்சினை விளங்கியது. அவ்வளவு பெரிய பெட்டிக்குப் பாரம் இருக்கவேண்டும் அல்லவா? ஆகவே நானும் ரிஸானும் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் பிடித்து, குனிந்து, முக்கி, "மெதுவா மெதுவா, காலில போட்டுடாத" என்று ஆளுக்காள் சத்தம் போட்டுக்கொண்டு தூக்கினோம். நல்லாய்த்தான் போனது. தர்சிகா மறந்துபோய் ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் ஓடி ஏறும் வரைக்கும்.

கீழே நின்ற ஒரு ஐயா வாயைப் பிளந்தார். "அந்தப் பிள்ளை வீட்டில என்ன சாப்பிடுது?"

காற்றில் பறக்காமல் பின்னால் கம்பு நட்டுக் கட்டினோம். மைதானத்துக்கும் மணம் பிடித்து வந்த பூனைகளில் ஒன்று ஆக மேல் பெட்டியில் ஏறிப் படுத்துக்கொண்டது. கலைத்தும் போகவில்லை. விட்டுவிட்டோம்.

பொழுது சாய, செல்வம் அண்ணை தட்டோடு மேடைக்கு வந்தார். சந்தனம், குங்குமம், கற்பூரம், தேங்காய். எங்கள் ஊரில் புதுச் சாமான் எதுவென்றாலும், உழவு மெஷினோ தையல் மெஷினோ, பொட்டு வைக்காமல் தொடங்க மாட்டார்கள். இதை எப்படி மறந்தோம்?

மைதானம் நிறையச் சனம். முன் வரிசையில், நடுக் கதிரையில், உடையார்கட்டுத் தலைவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கிறார். செல்வம் அண்ணை பெருவிரலில் சந்தனத்தைத் தொட்டு, பெட்டியின் மேல்விளிம்பில் பக்தியாக அழுத்தினார்.

விரல் உள்ளே போனது.

ஆளும் அசையவில்லை, விரலும் அசையவில்லை. அதோடு எங்கள் பாண்ட் முடிந்தது என்று நினைத்தேன். ரிஸான் ட்ரம்ஸுக்குப் பின்னால் குனிந்து, அவிழாத சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தான்.

செல்வம் அண்ணை மெல்லத் திரும்பி முன் வரிசையைப் பார்த்தார். திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். பிறகு விரலை எடுத்து, ஒரு உருண்டைச் சந்தனத்தை அள்ளி, ஓட்டையை அடைத்து, அதுக்கு மேல் வடிவாகக் குங்குமம் வைத்தார்.

"எல்லாம் இப்பிடியோ?" என்றார், உதடு அசையாமல்.

"ஓம் அண்ணை."

"என்ன பெட்டி?"

"மீன் பெட்டி அண்ணை."

கண்ணை மூடினார். திறந்தார். "கற்பூரத்தை நான் அங்கால நிண்டு காட்டுறன். தேங்காயைக் கீழ போய் உடைக்கிறன். நீங்கள் பாடுற அலுவலைப் பாருங்கோ."

பிறகு மைக்கைப் பிடித்தார். "இப்பிடி ஒரு செட் எங்கட மைதானத்துக்கு வந்தது இதுதான் முதல் தரம்!" என்றார். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பாடினோம். தர்சிகா அன்று பாடிய பாட்டை அவளே திரும்பிப் பாடமாட்டாள், அப்படிப் பாடினாள். சனம் கை தட்டியது. மூன்றாவது பாட்டில், உடையார்கட்டுத் தலைவர் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னுக்குப் போவதைக் கண்டேன். பாட்டு முடிய, செல்வம் அண்ணை படியில் ஏறி வந்தார்.

"தம்பி, அவருக்கு நெஞ்சு அதிருதாம். உங்கட பெட்டியைக் கொஞ்சம் குறைக்கட்டாம்."

"எதைக் குறைக்கிறது அண்ணை?"

"மூடியைத் திருகும்!"

போனேன். மீன் பெட்டியில் ஒட்டியிருந்த தண்ணீர்ப் போத்தல் மூடியைப் பிடித்து, பக்குவமாக ஒரு சுற்றுத் திருகினேன். திரும்பிப் பார்த்தேன். உடையார்கட்டுத் தலைவர் பின்னால் இருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இப்போது சரியாம்!

"உந்தச் சத்தத்துக்கு மேல அந்தப் பூனை எப்பிடிக் கிடந்து நித்திரை கொள்ளுது?" என்று ஒரு அக்கா கேட்டது எனக்குக் கேட்டது.

"அது செவிட்டுப் பூனையாக்கும்" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

இதற்குப் பிறகும் காதால்தான் கேட்கிறோம் என்று சொல்லுவீர்களா? கல்யாண வீட்டில் வாழைமரத்தின் உயரத்தைப் பார்த்தே சாப்பாடு ருசி என்று முடிவெடுக்கிற ஆட்கள்தானே நாங்கள்! டொக்டரின் மேசையில் மெஷின் இருந்தால் பாதி வருத்தம் அங்கேயே மாறிவிடுகிறது. சரி, அதை விடுங்கள்.

முடிந்தபின் உடையார்கட்டுத் தலைவர் நேராக எங்களிடம் வந்தார். ரிஸான் என் கையை நுள்ளினான். அடுத்த மேடை வருகிறது!

"தம்பியவை, என்ர மகளுக்குக் கலியாணம். நீங்கள் கட்டாயம் வரோணும்."

"வாறம் ஐயா! என்ன மாதிரிப் பாட்டு வேணும்?" தர்சிகாவின் முகமெல்லாம் பல்.

"பாட்டு வேண்டாம் பிள்ளை. அதை எங்கட பெடியன் போனில போடுவான். இந்தப் பெட்டியளைக் கொண்டுவந்து பந்தலில அடுக்கிவிட்டால் காணும்." நெஞ்சைத் தடவிக்கொண்டார். "ஆனா சத்தம் மட்டும் வரப்படாது. அதுக்கு ஏதும் செய்யலாமோ?"

"செய்யலாம் ஐயா" என்றான் ரிஸான்.

கலியாணம் இன்றைக்கு. பெட்டிகள் உடையார்கட்டில் நிற்கின்றன. பூனையும் லொறியில் ஏறிப் போய்விட்டது. நாங்கள் மூன்று பேரும் கொட்டிலில் இருக்கிறோம்.