பாய் எறிந்த பிஸ்கட்

இரண்டு பக்கமும் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுத் தரையில் படுக்கப் போட்ட ஆயில் டிரம் அது. விளிம்பு நாயின் முதுகைக் கிழித்துவிடக் கூடாதென்று பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தோம். எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் நான் செக்யூரிட்டி சூப்பர்வைசர். காவல் நாய்களுக்குத் தடை தாண்டும் பயிற்சி கொடுக்கும் பொறுப்பும் என் தலையில்தான். செங்கல்மேல் வைத்த குச்சியை நாய்கள் தாண்டின. சாய்வுப் பலகையில் ஏறி இறங்கின. டிரம்முக்குள் மட்டும் ஒன்றைத் தவிர மற்றவை பாதி தூரம் போய்விட்டு, வந்த வழியே திரும்பி வந்து என் ஆட்களின் கையை முகர்ந்து பார்த்தபடி நின்றன.

மூன்று நாய்கள், மூன்று ஆட்கள். மூவருமே டெம்பரரி வாட்ச்மேன்கள். பாதுகாப்பு வார விழாவில் நாய்களை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். அதன்பின் மூவரில் இருவரை பர்மனென்ட் ஆக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. யார் அந்த இருவர் என்பது ஏறக்குறைய என் வாயில் இருந்தது. பெங்களூரில் ஆறு வாரம் பயிற்சி எடுத்து வந்த திமிர் வேறு எனக்கு. நாயின் மூக்குக்கு நேரே கையில் பிஸ்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போ, தாண்டியதும் கையாலேயே ஊட்டு. அங்கே படித்தது அவ்வளவுதான். வேத வாக்கு மாதிரி அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன்.

மூவரில் மூத்தவர் கெலமங்கலத்துக்காரர். எல்லோருக்கும் அவர் பாய். நாற்பதைத் தாண்டியவர், மூன்று பெண்களுக்குத் தகப்பன். பர்மனென்ட் ஆனால் பெரியவளுக்கு நல்ல இடமாக வரும் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு நான் கொடுத்தது ஜிம்மி என்ற கலப்பு நாய். காது ஒன்று நிற்கும், ஒன்று மடிந்து கிடக்கும். மற்ற இருவருக்கும் ஜாதி நாய்கள். அதற்கும் அவர் முகம் சுளிக்கவில்லை. ஜிம்மியின் முதுகைத் தடவிக்கொடுப்பார், உண்ணி பார்ப்பார். கையை நக்க மட்டும் விடமாட்டார். பிஸ்கட்டை ஊட்டாமல், டிரம்முக்குள் புகுந்து அந்தப்பக்கம் போய் விழுகிற மாதிரி எறிவார். ஜிம்மி அதன் பின்னாலேயே பாய்ந்து போய் மறுபக்கம் வெளியே வரும். முதல் நாளே வந்தது.

பார்த்தவனுக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? எனக்குக் கோபம்தான் வந்தது. ஏன் கையால் கொடுப்பதில்லை என்று கேட்டேன். தங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் போட்டு. கழுவுவதில் தனக்குச் சிரமமில்லை, ஆனால் பகல் தொழுகைக்குக் கிடைப்பதே கால் மணி நேரம் என்று பாய் பொறுமையாக விளக்கினார். நான் மற்ற இருவரையும் பார்த்துக்கொண்டே, எச்சில் ஆகாது என்றால் நாய் வேலைக்கு எதற்கு வந்தீர், பூனை வளர்க்கலாமே என்றேன். அவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது.

மறுநாள் முதல் எல்லோரும் கையால்தான் ஊட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டேன். பாயும் அப்படியே ஊட்டினார். பயிற்சி முடிந்ததும் குழாயடியில் உட்கார்ந்து மண் போட்டுக் கழுவினார், தொழுதார். சாப்பாட்டுக்கு நேரமில்லாமல் டிபன் கேரியரைத் திறக்காமலே டியூட்டிக்குத் திரும்பினார். பத்தே நாளில் ஜிம்மியும் கெட்டது. மற்ற இரண்டும் போலவே டிரம்மின் பாதியில் நின்று, கையைத் தேடித் திரும்பி வந்தது.

அப்போதுதான் பாய் எல்லோர் எதிரிலும் கேட்டார்: “சார், தப்பா நெனைக்காதீங்க. கையில தீனி இருந்தா அதும் கண்ணு நம்ம கையிலயே இருக்குதுங்க. முன்னால போட்டா முன்னால பாக்கும். நீங்களே ஒரு தடவை எறிஞ்சு பாருங்களேன்.”

எவ்வளவு பணிவாகச் சொன்னார்! எனக்கோ செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்று சாயங்காலமே அவரை கேட் டியூட்டிக்கு மாற்றி, ஜிம்மியை நானே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாருமில்லாத மைதானத்தில் பிஸ்கட்டை எறிந்து பார்த்தேன். அம்பு மாதிரி போனது ஜிம்மி. குச்சி, பலகை, டிரம் என்று ஒரே ஓட்டம். திங்கட்கிழமை மற்ற இருவருக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன், நானே யோசித்துக் கண்டுபிடித்தவனைப் போல. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர வாயைத் திறக்கவில்லை. அவர்களுக்கும் பர்மனென்ட் ஆக வேண்டுமே. இப்போது பெங்களூரில் என் மகள் தன் நாயை இப்படியொரு வகுப்புக்குக் காசு கட்டிக் கூட்டிப் போகிறாள். முதல் நாளே அங்கே சொல்லித்தருவது, பார்வை கையில் நிற்கக் கூடாது, தீனியை முன்னால் போடு என்பதுதான்.

விழாவில் நாய்கள் மூன்றும் ஜோராக ஓடின. கைதட்டல் ஓய்ந்ததும் பர்சனல் மேனேஜர் என் தோளைத் தட்டி, எப்படி இப்படிப் பழக்கினாய் என்றார். என் சொந்த யோசனை என்றேன். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே! அதோடாவது நிறுத்தியிருக்கலாம். அந்த பாயை ஏன் கேட்டுக்கு அனுப்பினாய் என்று அவர் அடுத்துக் கேட்டார். உண்மையைச் சொன்னால் முதல் பொய் உடையும். நரம்பில்லாத நாக்கு, புரண்டது.

“அவருக்கு நாய்னாலே அருவருப்பு சார்.”

ஒருநாளும் ஜிம்மியின் தண்ணீர்ச் சட்டியைக் காயவிடாத மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னேன். மற்ற இருவருக்கும் பர்மனென்ட் உத்தரவு வந்தது. மாதக் கடைசியோடு பாயை நிறுத்திவிடுவது என்று முடிவாயிற்று. அவரை எதிர்கொள்ளத் தைரியமில்லாமல் மூன்று நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கேட்டில் வேறு ஆள் நின்றான்.

ஏழெட்டு வருடம் கழித்து, மாமனாருக்குக் கறவை மாடு பார்க்கக் குந்தாரப்பள்ளிச் சந்தைக்குப் போயிருந்தேன். மூக்கணாங்கயிறும் சலங்கையும் பரப்பி வைத்த ஒரு கடையிலிருந்து “சார், சார்” என்று யாரோ கூப்பிட்டார்கள். பாய். தாடி வெளுத்திருந்தது. நழுவிவிடத்தான் நினைத்தேன். அதற்குள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பெட்டிமேல் துண்டை விரித்து உட்காரவைத்து, டீ வரவழைத்தார். ஜிம்மியை விசாரித்தார். இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போனதைச் சொன்னதும் சற்று நேரம் கயிற்றையே நீவிக்கொண்டிருந்தார். பிறகு கடையில் நின்ற தன் மருமகனைக் கூப்பிட்டார்.

“மாப்ளே, ஓசூர் கம்பெனில இருந்தேன்னு சொல்லுவேனே, அங்க எனக்கு நாய் பழக்கக் கத்துக்குடுத்தவரு இவருதான். என்னை நிறுத்தினாங்க பாரு, அன்னிக்குப் பாத்து சார் லீவுல போயிட்டாரு. இவரு மட்டும் இருந்திருந்தா என்னை அனுப்ப விட்டிருக்கவே மாட்டாரு.”

அந்த இளைஞன் என்னைக் கும்பிட்டான். பாய் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். குத்தலாகச் சொல்கிறாரோ என்று கண்ணுக்குள் தேடினேன். இல்லை, மனுஷர் நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். ஏழெட்டு வருடமாக வீட்டில் அப்படித்தான் சொல்லிவந்திருக்கிறார். கையிலிருந்த டீ ஆறிப்போயிருந்தது. சொல்லிவிடு, இப்போதாவது சொல்லிவிடு என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

“ஆமா பாய்,” என்றேன். “நான் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டேன்.”

மேனேஜரிடம் சொன்ன பொய்க்காவது பயம் என்று ஒரு சாக்கு உண்டு. இந்தப் பொய்யை என்னிடம் யாரும் கேட்கவில்லை.