கடலூரிலிருந்து சிதம்பரம் கணினியைத் திறந்தவர்

செய்தி எங்கள் ரத்தக் கொடையாளர் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது: "சகாயமேரி டீச்சர் இன்று காலை கடலூரில் காலமானார்." முழுக்கப் படிக்காத ஓர் உறுப்பினர் உடனே, "எந்த குரூப், எத்தனை யூனிட்?" என்று கேட்டுவிட்டார். பிறகு மன்னிப்புக் கோரினார். தேவையே இல்லை. அந்த வேகத்தை எங்களுக்குப் பழக்கியவரே டீச்சர்தான்.

உங்களில் பலருக்கு அவர் வரலாற்று ஆசிரியை. ஓய்வுக்குப் பின் அவர் நிரல் எழுதவும் கற்றார். முதலில் பொழுதுபோக்காக, பிறகு எங்கள் கையாலாகாத்தனத்தால். கொடையாளர்களின் பெயர், ரத்த வகை, தொலைபேசி எண் எல்லாம் சிதம்பரம் அலுவலகக் கணினியில் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. அவற்றைத் தேடித்தரும் செயலியை எழுதிய பொறியாளர் தம்பி வெளிநாடு போனதும் செயலி படுத்துவிட்டது. பெயர்கள் உள்ளே பத்திரமாக இருந்தன, எங்களிடமிருந்தும்.

அந்த நேரம் பார்த்து, சிதம்பரத்தில் ஒரு பெண்ணின் அறுவை சிகிச்சைக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் தேவைப்பட்டது. வாரக் கடைசிக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்றார்கள். நாங்கள் கூட்டம் போட்டுக் கவலை தெரிவித்தோம். டீச்சர் பைத்தான் நிரல்மொழிப் பாடத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பொறியாளரை அழைத்தார்.

"ஆண்டி, டேட்டாபேஸ் கனெக்‌ஷன்லாம் உங்களுக்கு ஜாஸ்தி. லீவுல வந்து நானே பண்ணித் தரேன்."

"உன் லீவு வரைக்கும் அந்தப் பொண்ணு தாங்காதுப்பா. பாஸ்வேர்டைச் சொல்லு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

கடலூரில் தம் வீட்டிலிருந்து அவர் முயல, சிதம்பரத்தில் கணினிக்குக் காவலாக நான் உட்கார்ந்தேன். இரண்டு நாளும் ஒரே பதில்: இணைப்பு மறுக்கப்பட்டது. "எர்ரர் வந்தா பாதி பதில் வந்துடுச்சுன்னு அர்த்தம்" என்பார். மீதிப் பாதிக்கு என்னைத் திட்டுவார்.

"சார், மெஷின் ஓடுதா இல்லையா?"

"ஓடுது டீச்சர். மேல வச்ச பூகூட ஆடுது."

"நக்கல் அப்புறம். நான் எழுதினத வரிவரியா படிக்கிறேன், கேளுங்க."

படித்துக்கொண்டே வந்தவர், இணைய வேண்டிய கணினியின் முகவரி இருந்த வரியில் நின்றார். அங்கே பாடத்தில் இருந்தபடியே 'லோக்கல்ஹோஸ்ட்' என்று இருந்தது.

"ஐயோ சார், இதுக்கு 'இந்த மெஷின்'னு அர்த்தம். என் மெஷின்! ரெண்டு நாளா என் வீட்டுக் கதவையே தட்டிக்கிட்டு, சிதம்பரத்துல யாரும் திறக்கலன்னு உங்களத் திட்டியிருக்கேன்."

"திட்டு மட்டும் சரியான அட்ரஸுக்கு வந்துடுச்சு டீச்சர்."

முகவரியை மாற்றினார். நிரலை மறுபடி ஓடவிட்டார். பிறகு போனே தேவைப்படாத ஒரு கூச்சல்: "வந்துடுச்சு! பேரு பேரா வருது சார்! சேத்தியாத்தோப்புல ஒருத்தரு இருக்காரு, ஓ நெகட்டிவ்!"

கோட்டைகள் வீழ்ந்த வரலாறுகளை நிறையவே படித்திருக்கிறேன். ஒரு வரியைத் திருத்தி, ஒருவருக்கும் காயமின்றித் திறக்கப்பட்ட கோட்டை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சேத்தியாத்தோப்புக்காரர் காலில் வயல் சேற்றோடு அன்று மாலையே வந்து ரத்தம் கொடுத்தார். அறுவை சிகிச்சை குறித்த நாளில் நடந்தது. டீச்சரின் இறுதி ஊர்வலத்தில் அந்தப் பெண் எங்களுக்கெல்லாம் முன்னால் நடந்தார்.

டீச்சர் எனக்கு விட்டுச்சென்றவை அந்த நிரலும் ஒரு கடவுச்சொல்லும். கடவுச்சொல்லை அஞ்சலிக் கட்டுரையில் எழுதினால் அவரே எழுந்துவந்து திட்டுவார். நேற்றுப் பெண்ணாடத்திலிருந்து ஒருவர் தம் மனைவிக்கு ரத்தம் கேட்டு அழைத்தார். என் வீட்டிலிருந்தே அந்த நிரலில் ரத்த வகையைத் தட்டச்சிட்டேன். பெயர்கள் வந்தன.