கிளேஸ் பட்ட சட்டை

பீங்கான் பொம்மைகளைக் கிளேஸ் தொட்டியில் முக்கி எடுப்பது என் வேலை. கிளேஸ் என்பது பொம்மைக்குப் பளபளப்புக் கொடுக்கிற கரைசல். சட்டையில் பட்டுக் காய்ந்தால் வெள்ளையாகப் படியும், தட்டினால் தூசியாகப் பறக்கும். அந்தச் சட்டையோடுதான் அப்போதெல்லாம் சைக்கிளில் வீடு திரும்புவேன். தெருமுனையில் மணி அடித்தால் போதும், மூன்று வயது மகள் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொள்வாள். தூக்கினால் காலரை வாயில் வைத்துச் சப்புவாள். நாள் முழுக்க நின்ற கால்வலி அதோடு எனக்கு மறந்துபோகும்.

அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தது. சோறு இறங்கவில்லை, முகம் வெளுத்துப்போனது. வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், எதற்கும் கேட்கவில்லை. பாண்டிச்சேரியில் ஒரு டாக்டரம்மா, நான் பார்க்கும் வேலையைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்கச் சொன்னார். இருந்தது. நாங்கள் அப்போது பயன்படுத்திய கிளேஸில் ஈயம் கலந்திருந்ததாம். அது என் சட்டையில் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உடம்பு ஈயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பில் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். அவர் எழுதிய மருந்தில் கந்தகம் உண்டு. ஈயத்துக்குக் கந்தகம் என்றால் அப்படியொரு ஒட்டுதல். நண்டு கொடுக்கால் கவ்வுவதுபோல மருந்து ஈயத்தைக் கவ்விச் சிறுநீரோடு வெளியே கொண்டுபோய்விடும். ரத்தம் தெளிந்தாலும் எலும்பில் இருப்பது மெல்ல ரத்தத்தில் இறங்கும், அதனால் இடைவெளி விட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மருந்து குடுக்கறப்போ புதுசா ஈயம் உள்ள போகவே கூடாதுங்க. குளிச்சு, துணி மாத்தாம புள்ளையத் தொடாதீங்க."

வீட்டைக் கழுவித் துடைத்து முடிக்கும்வரை மனைவியும் மகளும் கருவேப்பிலங்குறிச்சியில் என் மச்சான் வீட்டில் இருந்தார்கள். மாத்திரைக் கூட்டைப் பிரித்து, உள்ளே இருப்பதை வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்டுவாள் மனைவி. மருந்துக்கு அழுகிய முட்டை நாற்றம். பிள்ளையின் மூச்சு, வேர்வை, தலைமயிர் எல்லாம் அதே நாற்றம். யாரும் அவளைப் பக்கத்தில் படுக்கவைக்க மாட்டார்கள். எனக்கோ, வாரம் முழுக்க அந்த நாற்றத்துக்குத்தான் ஏக்கம்.

ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தூசி வீட்டில் கிடந்த துணியோடு பஸ்ஸில் போய் இறங்குவேன். முதலில் மகள் ஓடித்தான் வந்தாள். அவள் அம்மா பாய்ந்து பிடித்துக்கொள்வாள். நான் போர் குழாயில் குளித்து, மச்சான் வேட்டியைக் கட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் விளையாட்டில் மூழ்கியிருப்பாள். போகப் போக ஓடி வருவதும் நின்றது. என்னைக் கண்டதும் வாசலிலேயே நின்று சொல்வாள்.

"குளிச்சிட்டு வாப்பா."

எவ்வளவு விவரம் பார் என்று எல்லோரும் மெச்சினார்கள். நானும் சிரித்தேன். குழாயடியில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

ஈயம் இறங்கியது, பிள்ளை பிழைத்துக்கொண்டாள். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். எங்கள் கம்பெனியிலும் ஈயமில்லாத கிளேஸ் வந்து வெகுகாலம் ஆகிறது. ஆனாலும் நான் வேலைக் கொட்டகையிலேயே குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவேன். இந்தப் பொங்கலுக்கு முந்தின நாள் அங்கே தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. கிளேஸ் சட்டையோடு வீட்டுக்கு வந்தேன். அதே நேரம் வாசலில் ஆட்டோவிலிருந்து மகள் இறங்கினாள். பையைக் கீழே போட்டுவிட்டு "அப்பா" என்று இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தாள்.

நான் சட்டென்று பின்வாங்கினேன்.

"குளிச்சிட்டு வரேம்மா," என்றேன்.

"இப்பதான் அதுல ஈயமே இல்லியேப்பா," என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்குத் தெரியாதா? கால்தான் கேட்கவில்லை. அவள் கைகளை இறக்கிப் பையை எடுத்துக்கொண்டாள். அரக்கப் பரக்கக் குளித்துவிட்டு நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்தபோது, அவள் அடுப்படியில் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றேன். அவள் திரும்பிப் பார்த்து, "டீ குடிக்கறியாப்பா?" என்று கேட்டாள்.

"குடும்மா," என்றேன்.